அப்பாவின் நேரமா, உங்கள் நேரமா?

வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பகுதி ஒரே கவலையைச் சுமந்து வந்திருக்கின்றன. மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டம் ஒன்றில் பலருக்கும் பழக்கமான ஒருவர், ஓய்வு பெறுவதற்கு இரண்டே ஆண்டுகள் இருந்த நிலையில், வேலையிடத்திலேயே காலமானார் என்பதும், அதன் பிறகு அந்த ஊரின் ஒட்டுக்கடைகளிலும் கோயில் மண்டபத்திலும் பேச்சு வேறு திசைக்குப் போகவில்லை என்பதும் கடிதங்களிலிருந்து தெரிகின்றன. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இவற்றுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறோம். கடிதம் எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடி அவர்களுடைய பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

கேள்வி: எனக்கு 58 வயது. செம்பனைத் தோட்டத்தில் தொழிலாளர்களை மேற்பார்க்கும் மண்டோராக இருக்கிறேன். என்னோடு ஒரே லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) வளர்ந்த நண்பர், சென்ற மாதம் காலைப் பிரட்டு (பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பது) முடிந்து மோட்டார் சைக்கிளை எடுக்கப் போனவர், அங்கேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். அன்றிலிருந்து எனக்கு விடியற்காலை நான்கு மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. மலேசியரின் சராசரி ஆயுள் 75 ஆண்டுகள் என்று படித்தேன். அப்படியானால் எனக்கு மிச்சம் இருப்பது 17 ஆண்டுகள்தான். காசிக்குப் போக வேண்டும், வீட்டைப் பெரிதாக்க வேண்டும், தமிழ்நாட்டில் தாத்தாவின் ஊரைக் கண்டுபிடிக்க வேண்டும், மிருதங்கம் கற்க வேண்டும் என்று நோட்டுப் புத்தகத்தில் இரண்டு பக்கங்களுக்கு எழுதி வைத்திருக்கிறேன். எதை முதலில் செய்வது? அந்தக் காலத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டிய அப்பாவுக்கு இப்போது 84 வயது. அவர் என்னோடு இருப்பதால், நினைத்தபடி எங்கும் கிளம்பவும் முடிவதில்லை.

பதில்: நண்பரின் மறைவுக்கு எங்கள் ஆழ்ந்த இரங்கல். ஒரே லயத்தில் வளர்ந்தவர் உடன்பிறந்தவருக்குச் சமம். ஒரு மாதத்தில் தூக்கம் திரும்பவில்லை என்பதற்காக உங்களை நீங்களே குறைத்து எண்ண வேண்டியதில்லை. ஆனால் ஒரு வேலையை மட்டும் இந்த வாரமே முடித்துவிடுங்கள். இதய நோய் இந்நாட்டில் உயிரிழப்புக்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று. நீரிழிவும் நம் சமூகத்தில் மற்றவர்களைவிடக் கூடுதலாகவே காணப்படுகிறது. அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டினால் இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைப் பார்த்துவிடலாம். அரசாங்க உதவித்தொகை பெறும் குடும்பமாக இருந்தால், 40 வயதைத் தாண்டியவர்களுக்குப் பெக்கா பி40 திட்டத்தில் இலவசப் பரிசோதனையும் உண்டு. சாவைப் பற்றி இரவெல்லாம் எண்ணிக் கிடக்கிறவர் அதற்கு அரை நாள் ஒதுக்காமல் இருந்தால், அந்த எண்ணத்தால் யாருக்கும் பயனில்லை.

அடுத்து, உங்கள் கணக்கு. 75 என்பது பிறக்கும்போது கணிக்கப்படும் சராசரி. பிறந்த சில நாளில் இறந்த குழந்தையும், இருபது வயதில் சாலை விபத்தில் போன பையனும் அதில் அடக்கம். அந்த ஆபத்துகளை எல்லாம் கடந்து 58 வயதுக்கு வந்துவிட்ட ஒருவருக்குச் சராசரி அதைவிடச் சற்று நீளும். ஆகவே உங்கள் 17 ஆண்டுகள் என்ற எண் தவறு. சரியான எண்ணைப் போட்டுக்கொண்டாலும் பயன் அதிகமில்லை. உங்கள் நண்பரும் அதே சராசரிக்குள்தான் இருந்தார். மிச்சம் எத்தனை ஆண்டுகள் என்று யாராலும் சொல்ல முடியாது என்பதால், எது காத்திருக்கும், எது காத்திருக்காது என்று கேட்பதே பயனுள்ள வழி.

இந்தக் கேள்வியோடு உங்கள் கடிதத்தைத் திரும்பப் படித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. நீங்கள் சொல்லும் விருப்பங்களில் அப்பாவைப் பற்றி ஒன்றுகூட இல்லை. கடிதத்தின் கடைசியில், அதுவும் ஒரு தடையாகத்தான் அவர் வருகிறார். ஆனால் தாத்தாவின் ஊரைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஊரின் பெயரும், எந்த ஆற்றங்கரை, எந்தக் குலதெய்வம், ஆள் சேர்த்து அழைத்து வந்த எந்தக் கங்காணியின் கைவழியாக வந்தார்கள் என்பனவும் இன்று யாருக்குத் தெரியும்? தொழிலாளர்களை உதவித்தொகை கொடுத்து மலாயாவுக்கு அனுப்புவதை இந்திய அரசாங்கம் 1938இல் தடை செய்தது. உங்கள் தாத்தா பெரும்பாலும் அதற்கு முன்னரே கப்பலேறி வந்திருப்பார். அவர் வாயால் கேட்டு வளர்ந்தவர்களில் உங்கள் வீட்டில் மிஞ்சியிருப்பவர் அப்பா ஒருவரே. விமானச் சீட்டை எந்த ஆண்டிலும் வாங்கிக்கொள்ளலாம். அப்பா சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் போய்விட்டால், அந்தச் சீட்டோடு திருச்சியில் இறங்கி யாரிடம் போய் என்ன கேட்பீர்கள்?

நேரம் குறைவு என்ற அச்சம் வந்தவுடன் நாம் நம் கடிகாரத்தை மட்டும் பார்க்கிறோம். பெரும்பாலான வீடுகளில் அவசரமான கடிகாரம் இன்னொருவருடையது. 58 வயதுக்காரருக்கும் 84 வயதுக்காரருக்கும் ஓர் ஆண்டு என்பது ஒரே அளவுள்ளதாக இருக்க முடியாது. எனவே பட்டியலில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் நேராக, இது யாருடைய நேரத்தை நம்பியிருக்கிறது என்று எழுதுங்கள். அப்பாவின் நேரத்தை நம்பியவை முதலில் வரட்டும். உங்கள் முழங்காலை நம்பியவை அடுத்து வரட்டும். காசிப் பயணம் அந்த வகை, படித்துறைகளில் நாற்காலியில் தூக்கிச் செல்லப்படுவதற்கு முன்பே போய் வருவது நல்லது. வீட்டைப் பெரிதாக்குவது பணத்தை மட்டும் நம்பியிருக்கிறது. பணம் வந்தால் உங்களுக்குப் பின் உங்கள் மகனும் அதைச் செய்துகொள்வான். அதை அடித்துவிடுங்கள் என்பதே எங்கள் கருத்து. மிருதங்கத்துக்கு நல்ல ஆசிரியர் பக்கத்தில் இருந்தால் வாரம் ஒரு நாள் இப்போதே தொடங்கலாம், அரங்கேற்றத்தைப் பற்றிக் கவலைப்படாமல்.

நான்கு மணிக்கு விழித்துக் கிடக்கிறேன் என்கிறீர்கள். பால் வெட்டியவர்களின் வீடுகளில் கேட்டுப் பாருங்கள்: வேலையை விட்டு முப்பது ஆண்டுகள் ஆனாலும் பலருக்கு அந்த நேரத்து விழிப்பு போவதில்லை. விடியலின் குளிர்ச்சியில்தான் மரத்துக்குள் பாலின் அழுத்தம் மிகுந்திருக்கும். வெயில் ஏற ஏற இலைகள் நீரை இழுக்க, பால் ஓட்டம் தளர்ந்துவிடும். ஆகவே பிரட்டு இருட்டிலேயே நடந்தது, தலைவிளக்கை மாட்டிக்கொண்டு, தமக்கு ஒதுக்கப்பட்ட மர வரிசையான நிரைக்குப் போக வேண்டியிருந்தது. உங்கள் சுவருக்கு அந்தப் பக்கத்தில் அப்பாவும் கண்ணைத் திறந்தபடி படுத்திருக்கக்கூடும். எழுந்து இரண்டு கோப்பைக் கோப்பி கலக்குங்கள்.

அவரிடம், 'உங்கள் வாழ்க்கையைப் பற்றிச் சொல்லுங்கள், அப்பா' என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால், 'என்ன இருக்கிறது சொல்ல' என்பதோடு பேச்சு முடிந்துவிடும். முதன்முதலில் யார் கையைப் பிடித்துக் கத்தி பழக்கினார், எத்தனையாவது வயதில் தனி நிரை கிடைத்தது, மழை பெய்து பட்டை நனைந்து வெட்டு நின்ற நாள்களில் வீட்டில் என்ன சமைத்தார்கள், ஒட்டுப்பால் நாற்றம் போக எந்தச் சவர்க்காரத்தில் குளித்தார்கள் என்று கேளுங்கள். 1948 ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டு, கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை ஒடுக்க அவசரகாலம் பிறந்தபோது அவருக்கு ஆறு ஏழு வயது இருக்கும். முள்கம்பி வேலி, ஊரடங்கு, அளந்து கொடுக்கப்பட்ட அரிசி என்பவை நமக்குப் புத்தகச் செய்திகள்; அவருக்கு அவை சிறுவயதுப் பசி. ஜப்பானியர் ஆட்சியில் தொழிலாளர்களைக் கொண்டுபோய்க் கட்டிய சயாம் மரண இரயில்பாதைக்கு அந்த வீட்டிலிருந்து யாரேனும் போனார்களா, திரும்பினார்களா என்பதையும் கேளுங்கள். கேட்பதற்குத் தயக்கமாக இருக்கும். கேட்காத வீடுகளில் அந்தப் பெயர்கள் இப்போது யாருக்கும் தெரியாது.

எல்லாவற்றையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் கறந்துவிட முயல வேண்டாம். ஒரு நாளைக்குச் சீவுகிற பட்டை மிக மெல்லியது என்பது அப்பாவுக்கு நன்றாகத் தெரியும். ஆசைப்பட்டு ஆழமாகச் சீவினால் அன்றைக்குப் பால் கூடலாம், ஆனால் மரம் காயப்பட்டு, மறுபடி வளரும் பட்டை முடிச்சு முடிச்சாகி, பிறகு அங்கே கத்தியே வைக்க முடியாமல் போய்விடும். முதியவர்களின் நினைவும் அப்படித்தான். நாளைக்கு அரை மணி நேரம் போதும். கைப்பேசியை ஒலிப்பதிவில் போட்டு மேசைமேல் கவிழ்த்து வைத்துவிடுங்கள். பழைய நிழற்படங்களை எடுத்துப் போட்டு, யார் யார் என்று கேட்டு, பின்பக்கத்தில் பென்சிலால் மெல்ல எழுதுங்கள். பேனா மை மறுபக்கம் ஊறிவிடும்.

சங்கக் கூட்டங்களுக்கும் தூரத்து உறவினர் விருந்துகளுக்கும் போக மனம் வரவில்லை என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதி, பிறகு கோடிட்டு அடித்திருக்கிறீர்கள். அதுவும் நோயன்று. ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழக உளவியலாளர் லாரா கார்ஸ்டென்சன் நெடுங்காலம் ஆராய்ந்து சொன்னது இது: மிச்சமிருக்கும் காலம் குறுகியது என்று உணர்கிறவர்கள் பழக்க வட்டத்தைச் சுருக்கிக்கொண்டு, மனத்துக்கு நெருக்கமான சிலரை நாடுகிறார்கள், இதற்கு வயதைவிட அந்த உணர்வே காரணம் என்பதால், கடும் நோயுற்ற இளைஞர்களும் அவ்வாறே நடந்துகொள்கிறார்கள். எனவே சில விருந்துகளுக்கு மொய்யை மட்டும் அனுப்பிவிட்டு வீட்டில் இருங்கள். யாரும் குறை சொல்ல மாட்டார்கள்; சொன்னாலும் தாங்கிக்கொள்ளலாம். ஆனால் விழிப்பும் நெஞ்சுப் படபடப்பும் மேலும் சில வாரங்களுக்குத் தொடர்ந்தால், கிளினிக்கில் மருத்துவரிடம் அதையும் சொல்லத் தவறாதீர்கள்.

கேள்வி: எனக்கு 44 வயது. ஈப்போவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை. விடிவதற்கு முன்பே தொழிற்சாலைப் பேருந்து வந்துவிடும். வீடு திரும்ப இரவாகிவிடும். கணவர் லாரி ஓட்டுநர். இரண்டு பையன்கள், ஒருவனுக்கு 20, மற்றவனுக்கு 17. மாமியாருக்கு வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ். விடுமுறை நாளில் அவரை நான்தான் அழைத்துப் போகிறேன், மற்ற நாள்களில் பக்கத்து வீட்டு அக்காவின் தயவு. வாழ்க்கை குறுகியது, உங்களுக்கென்று நேரம் ஒதுக்குங்கள் என்று எல்லாப் பத்திரிகைகளும் எழுதுகின்றன. எந்த நேரத்தை ஒதுக்குவது என்று ஒருவராவது சொல்வீர்களா?

பதில்: சகோதரி, அந்த அறிவுரை, தம் நேரம் தம் கையில் இருப்பவர்களுக்காக எழுதப்படுகிறது. விடியற்காலையில் எழுந்து தியானம் செய்யுங்கள் என்று உங்களிடம் சொல்பவருக்கு, அந்த நேரத்தில் நீங்கள் மூன்று பேருக்குச் சோறு கட்டிக்கொண்டிருப்பது தெரியாது. உங்கள் நாளில் மிச்சம் பிடிக்க எதுவும் இல்லை என்பதால், திட்டமிடுதல், சிக்கனம் என்றெல்லாம் பேசிப் பயனில்லை. உங்கள் வீட்டில் மொத்த வேலை எவ்வளவு, அதை எத்தனை பேர் செய்கிறார்கள் என்று மட்டும் பார்த்தால் போதும்.

20 வயதுப் பையன் வீட்டில் இருக்கிறான். டயாலிசிஸ் ஒரு முறைக்கு ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஆகும். பாட்டியை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் விட்டு, முடிந்ததும் சோர்ந்திருப்பவரைக் கைபிடித்து அழைத்து வருவதற்கு அம்மாதான் வேண்டும் என்ற சட்டம் எங்கும் இல்லை. 17 வயதுக்காரனுக்குத் தேர்வு இருக்கலாம்; ஆனாலும் துணி துவைக்கும் இயந்திரத்தில் ஒரு பொத்தானை அழுத்துவது எந்தத் தேர்வையும் கெடுத்ததாகச் செய்தி இல்லை. ஆண் பிள்ளைகள் என்று ஒதுக்கி வைத்தால், நாளை அவர்கள் மணக்கப்போகும் பெண்களுக்கும் இதே கடிதத்தை நமக்கு எழுத வேண்டிய நிலை வரும்.

மீதியைக் கணவருக்குச் சொல்ல வேண்டும். இந்த இடத்தை மடித்து அவர் கையில் கொடுங்கள். ஐயா, சிறுநீரகம் செயலிழந்த நிலையில் அந்த நாற்காலியில் படுத்திருப்பவர் உங்களைப் பெற்றவர். அவருடைய காலம் எவ்வளவு என்று மருத்துவர்களும் உறுதியாகச் சொல்வதில்லை. இன்று அந்த நான்கு மணி நேரமும் மருமகளோடும் பக்கத்து வீட்டுப் பெண்ணோடும் கழிகிறது. உங்கள் மனைவி இழப்பது ஓய்வு. நீங்கள் இழப்பது தாயோடு இருக்கும் நேரம். பின்னால் கருமக்கிரியைக்கு எத்தனை நாள் விடுப்பு எடுத்தாலும் அது ஈடாகாது. லாரி வேலையில் வாரத்துக்கு ஒரு டயாலிசிஸ் நாளைக்காவது மாற்றிக் கேட்க முடியுமா என்று முதலாளியிடம் பேசிப் பாருங்கள். கேட்டால் முடியாது என்று சொல்லலாம்; கேட்காமலே முடியாது என்று நீங்களாக முடிவு செய்ய வேண்டாம்.

அப்படிக் கிடைக்கும் அந்த ஒரு நாளை, சகோதரி, வேறு வேலையால் நிரப்பிவிடாதீர்கள். தூங்குங்கள். தூங்கி எழுந்த பிறகு மற்றதை யோசித்துக்கொள்ளலாம்.

கேள்வி: எனக்கு 61 வயது, மனைவிக்கு 57. உயில் எழுத வேண்டும் என்று சொன்னால், 'எமனை வீட்டுக்கு அழைக்கிறீர்களா' என்று மனைவி அழுகிறார். இதைப் பற்றிப் பேசுவது அபசகுனமா?

பதில்: அபசகுனம் என்று வள்ளுவர் கருதியிருந்தால், 'நாச்செற்று விக்குள்மேல் வாராமுன் நல்வினை மேற்சென்று செய்யப் படும்' என்று அவ்வளவு வெளிப்படையாக எழுதியிருக்க மாட்டார். நாக்கு அடங்கி விக்கல் மேலே எழும் கடைசி நிமிடத்தைக் கண்முன் நிறுத்தி, அதற்கு முன்பே நல்லதை விரைந்து செய் என்கிறார். பின்னால் இருப்பவர்களைச் சண்டையிலிருந்து காப்பாற்றுவதும் நல்வினைதான் என்று மனைவியிடம் சொல்லிப் பாருங்கள். எமனைப் பற்றிப் பேச வேண்டாம். வங்கிப் புத்தகம் எங்கே இருக்கிறது என்பதிலிருந்து தொடங்கினால் அழுகை வராது.

விவரங்கள் சில. 1959ஆம் ஆண்டு உயில் சட்டப்படி, தீபகற்ப மலேசியாவில் முஸ்லிம் அல்லாத, 18 வயது நிரம்பிய எவரும் உயில் எழுதலாம். எழுத்தில் இருக்க வேண்டும்; இரண்டு சாட்சிகள் ஒருசேர உடனிருக்க, அவர்கள் முன் கையொப்பமிட வேண்டும். சொத்துப் பெறுகிறவரோ அவருடைய கணவன் அல்லது மனைவியோ சாட்சிக் கையெழுத்துப் போட்டால் அவருக்கு எழுதியது செல்லாமல் போய்விடும். மூத்த மகனையே சாட்சியாக நிறுத்துகிற குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும். திருமணத்துக்கு முன் எழுதிய உயில் பொதுவாகத் திருமணத்தோடு இரத்தாகிவிடும். உயிலே இல்லையென்றால் 1958ஆம் ஆண்டுப் பகிர்வுச் சட்டம் பிரித்துக் கொடுக்கும்: பெற்றோர் உயிருடன் இல்லாத நிலையில் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு பங்கு. குடியிருக்கும் ஒரே வீடும் அந்தக் கணக்கில் வந்துவிடும் என்பதைக் கேட்டால், உயில் வேண்டாம் என்று அழுகிறவரே வேறு விதமாக நினைக்கக்கூடும்.

உயிலைவிட அவசரமானது ஊழியர் சேமநிதி நியமனம், அதாவது நமக்குப் பின் அந்தப் பணம் யாருக்கு என்று பதிவு செய்வது. முஸ்லிம் அல்லாதவர்களுக்குச் சேமநிதிப் பணம் நியமிக்கப்பட்டவருக்கே போகும். உயிலில் எழுதியிருக்கிறேன் என்று அதை விட்டுவிடக் கூடாது. 18 வயதில் வேலைக்குச் சேர்ந்த நாளில் அம்மாவின் பெயரைப் போட்டுவிட்டு, பிறகு நாற்பது ஆண்டுகளுக்கு அந்தப் பக்கமே பார்க்காதவர்கள் ஏராளம். (இந்தப் பகுதியை அச்சுக்கு அனுப்பும்போது எங்கள் அலுவலகத்திலேயே ஒருவர் எழுந்துபோய்த் தம் நியமனத்தைச் சரிபார்த்தார்.) இவ்வகைக் காகித வேலைகளைச் சேர்த்துப் பார்த்தாலும் சில நாள்களுக்கு மேல் ஆகாது, செய்யாமல் விட்டால் ஆண்டுக் கணக்கில் மனத்தில் கிடந்து உறுத்தும்.

கேள்வி: எனக்கு 19 வயது, ஆறாம் படிவம் முடித்திருக்கிறேன். வீட்டில் எல்லாரும் இப்போது சாவைப் பற்றியே பேசுகிறார்கள். இதெல்லாம் வயதானவர்களுக்கு உரியதல்லவா?

பதில்: பெரும்பாலும் உண்மைதான். 19 வயதில் நாள்களை எண்ணிக்கொண்டு இருப்பது நல்லதும் இல்லை. சில மாதங்களை வீணாக்கிப் பார்க்கும் உரிமை உங்களுக்கு உண்டு. இரண்டு விதிவிலக்குகளை மட்டும் மனத்தில் கொள்ளுங்கள். இந்நாட்டில் சாலையில் இறப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். ஒட்டுக்கடை வரைக்கும்தானே என்றாலும் தலைக்கவசத்தின் வாரை மாட்டிக்கொண்டு போங்கள். மற்றது, உங்களுக்கு நேரம் நிறைய இருக்கிறது. உங்கள் பாட்டிக்கு இல்லை. அவர் கூப்பிடும்போது கைப்பேசியைக் கீழே வையுங்கள்.

கேள்வி: எனக்கு 66 வயது. தோட்டம் கைமாறியபோது ஊருக்குள் இடம் மாறிவந்த மாரியம்மன் கோயிலுக்குச் செயலாளராக இருக்கிறேன். கோயிலை ஒட்டிப் பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பறையும் நூலகமும் கட்ட ஆசை. நிதி திரட்டிக் கட்டி முடிக்கப் பத்து ஆண்டுகள் ஆகும் என்கிறார்கள். இந்த வயதில் தொடங்கலாமா, அல்லது இருப்பதைக் காப்பாற்றிக்கொண்டு போவதே அறிவுடைமையா?

பதில்: உங்கள் ஊர்க்காரரைப் பற்றியே சொல்கிறோம். துன் வீ. தி. சம்பந்தன் 1919 ஜூன் 16இல் சுங்கை சிப்புட்டில் பிறந்தவர். பிள்ளைகளுக்காக 1954இல் அங்கே மகாத்மா காந்தி கலாசாலை உருவாகக் காரணமாக இருந்தவர். தோட்டத் துண்டாடலால் வெள்ளைக்கார நிறுவனங்கள் தோட்டங்களைக் கூறுபோட்டு விற்க, தலைமுறையாக அங்கேயே வேலை செய்தவர்கள் வேலையும் வீடும் இழந்து தெருவுக்கு வந்த காலத்தில், 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அமைச்சராக இருந்துகொண்டே தோட்டம் தோட்டமாகப் போய், தொழிலாளர்களிடம் பத்து வெள்ளி, பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் சேர்த்து, அந்தத் தொழிலாளர்களையே தோட்டத்துக்குச் சொந்தக்காரர்கள் ஆக்கினார். அறுபதாவது பிறந்தநாளுக்கு ஒரு மாதம் குறைவாக இருக்கும்போது, 1979 மே 18இல் காலமானார்.

தமக்கு 19 ஆண்டுகள் இருக்கின்றன என்று தெரிந்து அவர் அந்தச் சங்கத்தைத் தொடங்கவில்லை. ஆனால் தம் மூச்சை நம்பி அது நிற்காதபடி கட்டியிருந்தார்: பங்கு உறுப்பினர்கள் பெயரில் இருந்தது, கணக்கு சங்கத்தினுடையது, நிலம் சங்கத்தின் பெயரில் பதிவானது. இன்றும் அந்தச் சங்கம் தோட்டங்களோடு இயங்குகிறது. நம் சமூகத்தில் நல்ல வேலைகள் பாதியில் நிற்பதற்குத் தொடங்கியவரின் முதுமையைவிட அவருடைய பிடிவாதம் பெரிய காரணம் என்பதை, உங்களைப் பற்றி எதுவும் தெரியாத நிலையில், பொதுவாகச் சொல்கிறோம். சாவி ஒருவரிடம், காசோலைப் புத்தகமும் அவரிடமே, நன்கொடையாளர் பெயர்கள் அவர் மனத்தில் என்று இருந்தால், முப்பது வயதில் தொடங்கினாலும் ஆபத்துதான்.

ஆகவே தொடங்கலாம், ஆனால் கட்டடத்திலிருந்து தொடங்க வேண்டாம். வெள்ளிக்கிழமை பூசை முடிந்த பிறகு இருக்கும் மண்டபத்திலேயே பத்துப் பிள்ளைகளை உட்கார வைத்து வகுப்பைத் தொடங்குங்கள். அதற்கு நிதி வேண்டாம், பாயும் ஓர் ஆசிரியரும் போதும். கட்டடம் எழுவதற்குள் உங்களுக்கு ஏதேனும் நேர்ந்தாலும் வகுப்பு நடந்திருக்கும். நிலத்தைப் பொறுத்தவரை, பட்டா இல்லாத இடத்தில் எழுப்பிய கோயில்கள் பட்ட பாட்டைத் தோட்டத்திலிருந்து வந்த உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. இடம் எந்தத் தனிநபர் பெயரிலும் இல்லாமல், சங்கப் பதிவிலாகாவில் முறையாகப் பதிவுபெற்ற அமைப்பின் பெயரில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால், ஒரு செங்கல் வாங்குவதற்கு முன் அதைச் சரிசெய்யும் வேலைக்கே உங்கள் முதல் ஓராண்டைக் கொடுங்கள். காசோலையில் கையெழுத்திடுபவர்களில் ஒருவராவது 40 வயதுக்கு உட்பட்டவராக இருக்கட்டும். அப்படி யாரும் முன்வரவில்லை என்று நீங்கள் பதில் எழுதுவீர்கள் என்பதும் தெரியும். கூட்டத்தில் அறிவித்தால் யாரும் முன்வர மாட்டார்கள். வகுப்புக்குப் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டுவிட்டு வாசலில் காத்திருக்கும் தகப்பன்மார்களில் ஒருவரைத் தனியாக அழைத்து, இந்த மாதக் கணக்கை மட்டும் எழுதித் தர முடியுமா என்று கேளுங்கள்.